சப்பரத்துக்கு நான் வளர்த்த யானைக்காது

ஒரு செடியின் இலை வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்று கவனிக்காமல் போனதால், மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மாதா கோயிலில் என் மானம் கப்பலேறியது.

திருவிழாச் சப்பரத்தின் இரு பக்கமும் பெரிய இலைகளை நிறுத்துவது எங்கள் வழக்கம். அவை பூக்கடையிலிருந்துதான் வரும். அந்த வருடம் அலங்காரக் குழுவை நடத்தும் அக்காவிடம், "கடையில வாங்காதீங்க அக்கா, என் வீட்டு யானைக்காது இலை இருக்கு," என்று பெருமையடித்துவிட்டேன். பசாரில், பெரிய இலைச் செடிக்கெல்லாம் சொல்லும் மலாய்ப் பெயரில், கெலாடி என்று விற்றதை வாங்கி, பாயான் பாருவில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் வைத்திருந்தேன். இலை முறம் அளவு இருந்தது. சப்பரத்தில் செருகி ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் துவண்டு மாதாவின் காலடியில் விழுந்தன. அக்கா அவற்றை உருவிப் போட்டுவிட்டு, "இது சேம்புலா, தங்கச்சி. சட்டிக்குத்தான் ஆகும்," என்றார். குழுவே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பாவமும் அறியாத வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகுதான் இலைகளைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். சேம்பில் காம்பு இலையின் வயிற்றில் வந்து ஒட்டுகிறது; நுனி கீழே தொங்குகிறது. யானைக்காதில் காம்பு இலையின் பிளவிலேயே சேருகிறது. நுனி மேலே நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்து ஊரான கெலுகோரில் ஒரு சாக்கடையோரம் அப்படி ஒன்று கேட்பாரற்று நின்றது. வெறுங்கையால் தோண்டினேன், முழங்கை வரை அரித்தது. பழைய வாஷிங் மெஷின் டிரம்மில் நட்டேன். அதில் ஓட்டைகள் ஏற்கெனவே இருந்ததால் தண்ணீர் தேங்காது. டிங்கி கொசு பார்க்க வருகிறவர்களும் குறை சொல்ல முடியாது. மீன் கழுவிய தண்ணீரெல்லாம் அதற்கே. முதல் வருடம் இடுப்பளவுதான் வந்தது. கோயிலில் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வருடம் வாசல் கூரையைத் தொட்டது. காரில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வாசலைப் பெருக்க எனக்கு வேலை வந்துவிடும்.

இந்தத் திருவிழாவுக்கு, இளசை விட்டுவிட்டு முற்றிய இலைகளாக ஆறு வெட்டி, காலையிலிருந்து தண்ணீரில் முழுக்க ஊறவைத்துக் கொண்டுபோனேன். அக்கா ஒன்றைத் திருப்பிக் காம்பைப் பார்த்தார்.

"சாஞ்சா நான் பொறுப்பில்ல," என்றார்.

"சாயாதுக்கா," என்றேன். இன்னொரு முறை சிரித்தால் குழுவிலிருந்தே விலகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

சப்பரம் பாதித் தெரு போனதும் மழை பிடித்தது. கடைப் பூவெல்லாம் உதிர்ந்தது. குடை வைத்திருந்தவர்கள் எங்கோ பின்னால் இருந்தார்கள். என் இலைகள் நின்றபடியே நின்றன. அக்கா முந்தானையால் காம்பைப் பிடித்து ஓர் இலையை உருவி, மாதாவின் தலைக்கு மேல் பிடித்தார். தண்ணீர் பக்கவாட்டில் வழிந்தது. மாதாவின் முக்காட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கோயில் திரும்பும் வரை அவர் கையை இறக்கவில்லை. நான் தொப்பலாக நனைந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன்.

சப்பரத்தை இறக்கியதும் அக்கா குழுவிடம், "அடுத்த வருஷம் கடைக்கு ஆர்டர் கொடுக்க வேணாம்," என்றார். பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு கன்னு கொடேன், தங்கச்சி. காம்பப் பாத்த பிறகுதான் தெரியுது, என் வீட்டுல யானைக்காதுன்னு வச்சிருக்கறதும் சேம்புதான்."

அவருடைய 'சட்டிக்குத்தான் ஆகும்' என்ற பேச்சுக்குத் திருப்பிச் சொல்ல மூன்று வருடமாக ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். "நாளைக்கே கொண்டு வரேங்கா," என்று மட்டும் சொன்னேன்.