இது மேசை

பி.ஏ.வும் அதற்கு மேல் ஓராண்டு ஆசிரியப் பயிற்சியான எல்.டி.யும் முடித்துச் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பியபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. எங்கள் தெருவில் அந்த இரண்டு பட்டங்களையும் வாங்கிய பெண் நான் ஒருத்திதான். ரயிலடியில் இறங்கி, மாட்டு வண்டியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே, நான் படித்த பெண்கள் பள்ளியில் நாலாம் பாரத்து, அதாவது ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதுவரை நாலாம் பாரத்திலும் அதற்கு மேலும் இங்கிலீஷ் எடுத்தவர்கள் எல்லாரும் கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பெண்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியையும் அந்தப் பாடத்துப் பக்கம் விட்டதில்லை.

பள்ளிக்குப் போன முதல் நாளே நினைப்பில் மண் விழுந்தது. பள்ளியை மேற்பார்த்துவந்த பாதிரியார் என்னை உட்காரவைத்து விவரம் சொன்னார். புதிதாகத் தலைமை ஏற்கச் சீமையிலிருந்து ஒரு மிஸ்ஸியம்மாள் வந்து ஒரு வருடம் ஆகிறது. தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் பொறுப்பைக் கொடுப்பார்கள். ஒரு முறை தவறிவிட்டார். இன்னொரு முறை தவறினால் கப்பலேற வேண்டியதுதான். அவர் தேறினால், எந்த வகுப்புக்கு யார் என்பதை அவரே தீர்மானிப்பார். தவறினால் சென்னையிலிருந்து வேறொருவர் வருவார், தன் ஆசிரியைகளையும் கூடவே கூட்டிவருவார்.

"அதனால் நீங்கள் ஆறு மாதம் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள்," என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வெள்ளைக்காரருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவருக்கு முன்ஷி என்று பெயர். நாலு பாட்டு மனப்பாடம் இருந்தால் போதும், முன்ஷி ஆகிவிடலாம் என்பது அப்போது என் எண்ணம். அதற்கா நான் பட்டம் வாங்கினேன்? ஆனால் நாலாம் பாரத்துக்குப் போகும் வழி அந்த மிஸ்ஸியம்மாளின் பரீட்சை வழியாகத்தான் போயிற்று. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவருக்கு முன்பு கற்பித்த முன்ஷி செய்யுளும் இலக்கணமும் ஒப்பிக்க வைத்திருந்தார். மிஸ்ஸியம்மாள் ஒரு சூத்திரத்தைத் தடங்கலில்லாமல் சொல்வார், ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. நான் அந்தப் புத்தகங்களையெல்லாம் கட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். சென்னையில் எங்களுக்குப் புதிதாக ஒரு முறை கற்றுக்கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும்போது தமிழில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பொருளைக் காட்டு, செய்து காட்டு, பேசு, அவ்வளவுதான். அதையே திருப்பிப் போட்டேன். இவரிடம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முதல் நாளே தீர்மானித்தேன்.

பள்ளி வராந்தாவில் இருந்த மேசையைக் கையால் தட்டி, "இது மேசை," என்றேன். அவரும் தட்டி, "இது மேசை," என்றார். அதுதான் எங்கள் முதல் பாடம். அடுத்த நாள் ஒரு பத்தமடைப் பாயைக் கொண்டுபோய் விரித்தேன், சுருட்டினேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். அங்கன வை, இங்கன வை, பைய நட என்று ஒவ்வொன்றாகச் செய்யவைத்தேன். பாவம், சொன்னதையெல்லாம் செய்தார். வெயிலில் முகம் சிவந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து வேலைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று. சொல்வதைச் செய்தாரே தவிர, தானாக வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசவில்லை.

இங்கே என் வாயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எல்.டி. படிப்பில் விமர்சனப் பாடம் என்று ஒன்று உண்டு. ஒருத்தி வகுப்பெடுக்க, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து அவள் செய்யும் தப்புகளை நோட்டில் எழுதுவார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, அவள் முகத்துக்கு நேரே வாசிப்பார்கள். பிள்ளைகளும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். எந்தப் பிள்ளை மந்தம், எந்தப் பிள்ளை தேறாது என்பதும் அந்த நோட்டில் வரும். எல்லாம் இங்கிலீஷில் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. என் நோட்டுக்கு எப்போதும் நல்ல மதிப்பெண். குறை கண்டுபிடிப்பதில் எனக்கு அப்படியொரு கை தேர்ந்துவிட்டது.

நாலாம் மாதம் ஒரு நாள் பாடத்தின் நடுவே தையல் டீச்சர் வந்தார். ராதாபுரத்துப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மிஸ்ஸியம்மாள் நான் வாங்கிவந்த காய்கறிகளை மேசைமேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா படிக்குதாக?" என்று கேட்டார் அக்கா.

"எங்க படிக்குதா, அக்கா? இவகிட்டச் சொல்லுததும் இந்த மேசைகிட்டச் சொல்லுததும் ஒண்ணுதான். மேசையாவது காய மாத்தி அடுக்காம சும்மா இருக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "ஏட்டி, பையப் பேசு. அவுகளுக்கு வெளங்கிறப் போவுது."

"வெளங்குனா நான் ஜெயிச்சிட்டேன்னு அர்த்தம்," என்றேன்.

மிஸ்ஸியம்மாள் கத்திரிக்காயை ஒரு முறை திருப்பி வைத்தார். தலை நிமிரவில்லை. எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் எதிரிலேயே அவர்களைப் பற்றித் தமிழில் பேசுவது எல்லாருக்கும் உள்ள வழக்கம். சமையற்காரர் பேசுவார், வண்டிக்காரர் பேசுவார், கோயிலில் மணியடிக்கிற குட்டியார்கூடப் பேசுவார். அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவர் பேச ஆரம்பித்தார். முதலில் சமையற்காரரிடம், பிறகு தண்ணீர் சுமக்கிற பெண்ணிடம், பிறகு என்னிடம். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் நிறுத்தாமல் பேசினார். என் முறை பலித்துவிட்டது என்று சென்னைக்குத் தோழிக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன்.

பரீட்சை பாளையங்கோட்டையிலேயே நடந்தது. ஒரு வயதான பாதிரியாரும் ஒரு பண்டிதரும் கேள்வி கேட்டார்கள். நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். கடைசியாகத் தெருவில் போன ஒரு மோர்க்காரியைக் கூப்பிட்டு, இவளிடம் பேசுங்கள் என்றார்கள். அந்த அம்மாள் தன் மாட்டுக்கு மடி வீங்கிய கதையைக் கொட்டித் தீர்த்தாள். "என்னைக்கு ஈண்டுச்சு? கன்னுக்குட்டி குடிக்குதா?" என்று மிஸ்ஸியம்மாள் கேட்டது மரத்தடி வரை கேட்டது. மோர்க்காரி போகும்போது பண்டிதரைப் பார்த்து, "இந்த அம்மாதான் ஒழுங்காக் கேக்குதாக," என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேறிவிட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"உக்காருங்க. நாலாம் பாரம் இங்கிலீஷ் உங்களுக்குத்தான். கடிதாசி எழுதியாச்சு."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் முன்னாலிருந்த மேசையைக் கையால் தட்டினார்.

"இது மேசை," என்றார்.

பழைய பாடத்தை நினைவுபடுத்துகிறார் என்று சிரித்தேன்.

"மேசை காய மாத்தி அடுக்காது," என்றார். "சும்மா இருக்கும்."

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முகமெல்லாம் எரிந்தது. தரை பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தமிழில் சொன்னேனா, இங்கிலீஷில் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கு எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? மனசுக்குள்ள இங்கிலீஷுக்கு மாத்தாம, முழுசா வெளங்குன மொதப் பேச்சு அதுதான். ரூமுக்குப் போயி தனியாச் சிரிச்சேன். பொறவுதான் அழுகை வந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: "நீங்க நல்ல டீச்சர். நாலாம் பாரத்துல நாப்பது பிள்ளைக இருக்கு."

அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது, ஆசைப்பட்டது கையில் இருந்தும் எனக்குச் சந்தோஷமே இல்லை. வெட்கம்தான் இருந்தது.

திங்கட்கிழமை நாலாம் பாரத்துக்குப் போனேன். அதுவரை அந்த வகுப்பை எடுத்த வெள்ளைக்கார ஆசிரியை என்னை அன்போடு வரவேற்று, பிள்ளைகளுக்கு முன்னாலேயே வகுப்பின் நிலவரத்தை இங்கிலீஷில் சொன்னார். முன் பெஞ்சு நன்றாகப் படிக்கும், நடு பெஞ்சு பரவாயில்லை. கடைசிப் பெஞ்சுக்கு நீங்கள் என்னதான் சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது, நேரத்தை வீணாக்காதீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், என்னுடைய விமர்சன நோட்டில் நான் எழுதியதைப் போலவே. ஒரு வருடத்துக்கு முன்பு என்றால் நானும் கூடச் சிரித்திருப்பேன்.

நான் கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு விளங்கியிருந்தது.