ஆமாம், தவிட்டுக்குத்தான் வாங்கினேன்

அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. ஆறிவிடக் கூடாது என்றே பார்த்துக்கொள்கிறேன். பேருந்தில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவேன். 'நல்லதுக்குத்தானே செஞ்சாங்க' என்று என் பெரிய மகன் சொல்வான். அன்றைக்கு முழுக்க அவனோடும் பேச மாட்டேன்.

எங்கள் குப்பம் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் உள்ளே வரும் லாரிகளுக்குச் சீட்டு போடுகிற வேலை. நாள் முழுக்க டிரைவர்களோடு கத்திக் கத்தி என் தொண்டையும் குணமும் ஒரே மாதிரி ஆகிவிட்டதாக வீட்டில் சொல்வார்கள். எனக்கு இரண்டு பையன்கள். சளி, காய்ச்சல் என்றுகூட அதிகம் படுக்காமல் வளர்ந்தவர்கள். இவ்வளவு வம்புக்கும் அதுதான் காரணம்.

பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்தாள். தோழி என்று சொல்லலாம். பாதி நாள் சண்டைதான், தண்ணீர் லாரி வந்தால் யார் குடம் முன்னால் என்பதில் தொடங்கும். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த வாரத்திலேயே போனது, இன்னொன்று பல் முளைக்கும் சமயத்தில். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்கு என்னை வரவழைத்து, கட்டிலில் படுத்தபடியே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இத நீ வாங்கிக்க. ஒன் கையி நல்ல கையி."

எல்லா ஊரிலும் பிள்ளைகளை அழவைக்க 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று கேலி செய்வார்கள். எங்கள் குப்பத்தில் நிஜமாகவே வாங்குவோம். பிள்ளை தங்காத வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீட்டுக்காரி ஒரு படி தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அது வாங்கினவள் பிள்ளை. பெற்றவள் சும்மா வளர்த்துக் கொடுப்பவள். எமன் வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால், எனக்கு ஏது பிள்ளை என்று அவள் கையை விரித்துவிடலாம். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் இரண்டைப் புதைத்தவளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாட்டுத் தீவனக் கடையில் தவிடு வாங்கினேன். குப்பத்துப் பெண்கள் சுற்றி நிற்க, அவள் குழந்தையை முறத்தில் போட்டு வாசலில் வைத்தாள். அவள் முந்தானையில் தவிட்டைக் கொட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் போனேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து, "என் புள்ளய வளத்துக் குடு" என்று அவள் மடியில் விட்டேன். அவ்வளவுதான் சடங்கு. அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் 'என் பிள்ளை' என்று சொன்னதில்லை. "யக்கா, ஒன் பொண்ணுக்கு ஜுரம் அட்ச்சிகினு கீது, வந்து பாரு." "ஒன் பொண்ணு சோறு துன்னாம அடம் புடிக்குது, வந்து ரெண்டு வை." பாப்பாவும் என்னைத்தான் அம்மா என்றாள். பெற்றவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டாள். அவளும் சந்தோஷமாக 'ஏன்' என்று குரல் கொடுப்பாள்.

பாப்பாவின் தகப்பன் மங்களூர் பக்கம் படகு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் தேடிக்கொண்டான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான். அவனைப் பற்றி எனக்குத் தோன்றுவதையெல்லாம் எழுதினால் யாரும் அச்சிட மாட்டார்கள்.

பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் பெற்றவள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வாடி என்று வாசலில் நின்று கத்தினேன். கைமருந்து போதும் என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சாகும்போது 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்று என்னிடம் அவள் கேட்கவில்லை. என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவள் எதற்கு என்னிடம் கேட்க வேண்டும்? பாப்பா தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு அந்த வாசலிலிருந்து இந்த வாசலுக்கு வந்தாள்.

இரண்டு வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்தார். என்னை வரவழைத்து, பிறப்புச் சான்றிதழையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்தக் குழந்தைக்கு நீங்க யாரு?"

"அம்மா."

"இதுல வேற பேரு போட்டிருக்கே?"

"அது பெத்தவ பேரு. நான் வாங்கினவ."

தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன். அந்த வாரமே ஜீப் வந்துவிட்டது.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண்ணும் ஒரு ஆளும் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பாப்பா வாசலில் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். வேலைக்கு இல்லை, விளையாட்டுக்கு. கடலோரத்துப் பிள்ளைகள் வேறு எதை வைத்து விளையாடும்? அந்த ஆள் சத்தமில்லாமல் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு குடுத்து வாங்கினீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஒரு படி."

"ஒரு படி என்ன?"

"தவுடு."

"என்னம்மா, கிண்டலா?" என்றவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "உங்களுக்குத்தான் ரெண்டு பசங்க இருக்காங்களே. அப்புறம் எதுக்குப் பொண்ணு? வீட்டு வேலைக்கா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லியிருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் இன்னமும் சொல்கிறார். விசாரணை முடியும்வரை என்று சொல்லிப் பாப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. கையில் ஒட்டியிருந்த நெத்திலிச் செதிலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, "நீ ஏறல?" என்று என்னைக் கேட்டாள். ஏறவிடவில்லை.

குழந்தைகள் விஷயத்தை விசாரிக்கும் குழுவுக்கு முன்னால் வரச்சொன்னார்கள். குப்பமே கொதித்துப்போயிருந்தது. எங்கள் ஆட்கள் மீன் ஏலத்தில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், வெளியாள் ஒருத்தன் கேள்வி கேட்டால் ஒன்றாகிவிடுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவரான நாட்டார் தலைமையில் ஷேர் ஆட்டோக்களைப் பிடித்துக்கொண்டு, தொழிலுக்குப் போகாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எதற்குத் தெரியுமா? நான் முறைப்படி வாங்கினேன் என்று சாட்சி சொல்வதற்கு! எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நிலத்துக்கோ படகுக்கோ தகராறு வந்தால் அப்படித்தானே ஜெயிப்போம்.

குழுவின் தலைவி வயதானவர், முதலில் சாந்தமாகத்தான் பேசினார். "இது ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி, பேச்சுக்குச் சொல்றது, இல்லையா?" என்று நாட்டாரிடம் கேட்டார். தப்பிக்க ஒரு வழி கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. நாட்டாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பேச்சுக்கு இல்லம்மா! ஊரு சாட்சியா வாங்கினது. அத்த செல்லாதுன்னு சொல்ல எவனாலயும் முடியாது."

"நான்தாம்மா தவுட அளந்து போட்டேன், தலை தட்டி அளந்தேன்" என்றாள் ஒருத்தி. "நான்தான் மொறம் குடுத்தேன்" என்றாள் இன்னொருத்தி. ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். எழுதுகிற ஆள் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அப்ப குழந்தையக் கைமாத்தினது உண்மை" என்றார் தலைவி.

"சத்தியமாம்மா!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வெளியே வந்து டீ குடித்தோம். காரியம் முடிந்தது என்று நாட்டார் என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். காரியம் முடிந்துதான் போயிருந்தது.

பாப்பாவை ஒரு ஹோமில் வைத்தார்கள். பார்க்க அனுமதிக்கிற நாளில் போனால், பேன் என்று சொல்லி முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் பெண்காவலர் மாதிரி ஒருத்தி நின்றுகொண்டே இருப்பாள், நான் பிள்ளையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிடுவேன் என்பதுபோல. பாப்பாவோடு ஒரு சிறுமி இருந்தாள், கை முழுக்கச் சூடுபட்ட தழும்பு. நிஜமாகவே காசு கொடுத்து யாரோ வீட்டு வேலைக்கு வாங்கினார்களாம். இப்படியும் நடக்கிறது, அதனால்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்ததும் கோபம் குறையவில்லை, கூடியது. அவளை வாங்கினவளையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்களே.

தத்தெடுக்கிறேன் என்றேன். அதற்குக் கம்ப்யூட்டரில் பதிந்து வரிசையில் நிற்க வேண்டும், வரிசையில் உங்கள் முறை வரும்போது எந்தக் குழந்தை என்று உங்களால் சொல்ல முடியாது, இந்தக் குழந்தை எங்கேயாவது தூரத்து ஊருக்குக்கூடப் போகலாம் என்றார்கள். பெற்றவள் செத்து, தகப்பன் ஓடி, வாங்கினவள் உயிரோடு எதிரே நிற்கிறேன். என்னிடம்தான் வரிசை என்கிறார்கள்! கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். தற்காலிக வளர்ப்பு. குழந்தை அரசாங்கப் பொறுப்பில்தான் இருக்கும், நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முன்பு சொன்ன விற்பனைப் பேச்சை நான் வாபஸ் வாங்க வேண்டும்.

அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். குழுவுக்கு முன்னால் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். பாப்பாவை ஹோமிலிருந்து கூட்டிவந்து, எனக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளையைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள் என்று கேட்டேன். குழந்தைக்கும் தெரிய வேண்டும் அல்லவா என்றார் தலைவி, அன்பாகவே.

படித்தேன். "இந்தக் குழந்தையை நான் வாங்கவில்லை. நான் இதன் தாய் அல்ல. இதன் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை."

கன்டெய்னர் லாரிச் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல் என்னுடையது. அன்றைக்கு அது எனக்கே கேட்கவில்லை. 'கொஞ்சம் சத்தமா' என்றார்கள். மறுபடி படித்தேன். பாப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து போட்டதும் பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்து, "அங்க சொன்னதெல்லாம் சும்மா" என்றேன். வீட்டில் வறுத்த வஞ்சிரத்தைத் தொடாமல் வைத்தாள். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டினேன், சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் தவிட்டை அளந்து போட்டவள் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ போயி வாங்கலன்னு சொல்லிட்ட இல்ல? அதான். மொத ரெண்டும் இப்டித்தான் ஜுரத்துல ஆரம்பிச்சிது."

செருப்பைக் கையில் எடுத்தேன். அவள் ஓடிவிட்டாள். உள்ளே வந்தால், பாப்பா போர்வைக்குள் கண்ணை முழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

காய்ச்சல் விட்டு இரண்டு நாள் இருக்கும். வேலையிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பாப்பா பள்ளிக்கூடத்து டிபன் டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். மாடு வைத்திருக்கிற வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறாள், டப்பா நிறையத் தவிடு.

"என்ன மறுபடி வாங்கு" என்றாள்.

"இன்னாடி பேஜாரு இது? உள்ள போ."

"நீ வாங்கலன்னா நானும் செத்துடுவேன்."

சோதிக்க வருகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மடியில் தவிட்டோடு எங்களைப் பார்த்தால் அன்றைக்கே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? "வாங்கணும்னா யாராச்சும் குடுக்கணும்டி. ஒன்னக் குடுக்கச் சின்னம்மா இல்லையே" என்று சமாளித்தேன்.

அவள் அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து பாவாடையை விரித்துப் பிடித்தாள்.

"நானே குடுக்கறேன். தவுட எனக்கே போடு."

கதவைத் தாழ் போட்டேன். டப்பாவைத் திறந்து அவள் மடியில் கவிழ்த்தேன். தவிட்டோடு சேர்த்து அவளைத் தூக்கினேன், அது என் புடவையிலும் அவள் ஒட்ட வெட்டின தலையிலும் கொட்டியது. "வாங்கிட்டேன்டி, என் புள்ள" என்றேன்.

"சத்தமா சொல்லு" என்றாள் பாப்பா. "எமனுக்குக் கேக்கணும்."

தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அந்த ஆபீஸுக்கும் கேட்டிருந்தால் கேட்கட்டும்.