எந்தப் பக்கம் அராவுவது

என் பெரியண்ணனைப் பற்றி நல்லபடியாகச் சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்வேன். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடிப்பழக்கம் இல்லை. அண்ணியை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. என் கல்யாணத்துக்கு ஒற்றை ஆளாக ஓடி ஓடி உழைத்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மனுஷன் கூடப்பிறந்த தம்பியோடு பதினோரு வருஷம் பேசவில்லை. ஒரு சாண் நீளத்துப் பொம்மைக் காருக்காக. பொம்மை என்றால் அதற்கும் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டுமாம்.

பெரியண்ணன் வேலை பார்த்தது அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் ஒர்க்‌ஷாப்பில். அங்கே அவருக்குப் பெயரே 'இன்னொரு கோட்டு'. வண்டியை எடுக்க யார் வந்து நின்றாலும், "நாளைக்கு வாங்க, இன்னொரு கோட்டு அடிக்கணும்" என்பார். மறுநாள் வந்தாலும் அதே பதில். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் வேலையை விட்டு அனுப்ப மாட்டார். அண்ணன் அடித்த கதவு எது, கம்பெனியில் இருந்து வந்த கதவு எது என்று பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது.

சின்னண்ணன் எனக்கு இரண்டே வயது மூத்தவன், அதனால் அவன், இவன் என்றுதான் எனக்கு வரும். அவனுக்கு லேத் பட்டறையில் வேலை. எல்லோரும் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தால், இவன் அளவு பார்க்கிற வெர்னியர் வைத்திருப்பான். எனக்கு வாங்கிய கல்யாண மோதிரத்தைக்கூட அதில் அளந்து பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தான். என் வீட்டுக்காரர் அன்றைக்கே என் காதில், "என்னையும் அளந்துதான் எடுத்தானா?" என்று கேட்டார்.

எங்கள் அப்பா ஒரு கம்பெனி முதலாளிக்கு டிரைவர். வாழ்நாள் முழுக்க ஒரே காரைத்தான் ஓட்டினார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் காரைத் துடைத்திருக்கிறோம், தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறோம், உள்ளே உட்கார்ந்ததில்லை. அப்பா போன பிறகு அண்ணன்கள் இருவரும் அதே காரைச் செய்வது என்று கிளம்பினார்கள். நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. அந்த மாடல் கடைகளில் கிடைக்காது. கிடைக்காததில்தான் இவர்களுக்குச் சந்தோஷம். வேறு ஏதோ காரின் மாடல் பெட்டியை வாங்கி, கூரையை ரம்பத்தால் அறுத்து, நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்து நீட்டி, பட்டி பூசித் தேய்த்து, முன்மூக்கை மாற்றி, அப்பா ஓட்டிய கார் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சீட்டுக்கு என் தையல் கடையில் இருந்து ரெக்சின் துண்டு போயிற்று. அது கனமாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. மூன்று தடவை.

பழைய வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஆளுக்கு ஒரு பக்கம். மேலே தெரிவதெல்லாம் பெரியவர் பொறுப்பு: உடம்பு, கதவு, பெயிண்ட். அடியில் இருப்பதெல்லாம் சின்னவன் பொறுப்பு: அடிச்சட்டம், அச்சு, சக்கரம், திருப்பினால் திரும்புகிற ஸ்டீயரிங். எந்நேரமும் வாக்குவாதம்தான். வண்டி கருநீலம் என்று ஒருவர், கறுப்பு என்று ஒருவன். நான் டீ கொண்டு போனால் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுப்பார்கள். அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தச் சத்தம் கிடைக்காதா என்று இருக்கிறது.

கெட்டுப்போனது கண்காட்சியில். வருஷா வருஷம் மாடல் செய்கிறவர்கள் ஒரு மண்டபத்தில் கூடி வைப்பார்கள். ஒவ்வொரு காருக்கு முன்னாலும் ஒரு சின்ன அட்டை. பெரியண்ணன் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். செய்தவர் என்று போட்டுத் தன் பெயர். அதன் கீழே சின்னதாக, 'உதவி: தம்பி'.

நான் அங்கேதான் நின்றேன். சின்னண்ணன் அட்டையைப் படித்தான். கத்தவில்லை. பையில் இருந்து குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்தான், காரைத் தலைகீழாகத் திருப்பினான், நாலு திருகாணியைக் கழற்றினான். அடிச்சட்டத்தைச் சக்கரத்தோடு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான். மேசையில் வெறும் உடம்பு மட்டும் வயிறு பலகையில் பட உட்கார்ந்திருந்தது. விபத்தான வண்டியை எவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறார் என்று இரண்டு பேர் பாராட்டிவிட்டுப் போனார்கள். பெரியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

"உதவின்னு போட்டது ஒரு குத்தமா? உதவிதானே செஞ்சான்?" இது அவர்.

"உதவியா? வண்டி எது மேல நிக்குதுன்னு போய்க் கேளு." இது இவன்.

அட்டையைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினால் தீர்ந்திருக்கும். அதைச் சொன்னால் பெரியண்ணன், "போட்டது போட்டதுதான்" என்பார். விசேஷங்களுக்கு ஒருவர் காலையில் வந்து போவார், மற்றவன் சாயங்காலம் வருவான். அண்ணிமார்கள் இரண்டு பேரும் போனில் சிரித்துப் பேசிக்கொள்வார்கள். வீம்பெல்லாம் இந்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பெரியண்ணன் நினைத்திருந்தால் வேறு ஒரு அடிச்சட்டம் வாங்கி மாட்டியிருக்கலாம். சின்னண்ணன் வேறு உடம்பு ஒன்றை வாங்கி மேலே கவிழ்த்திருக்கலாம். இரண்டு பேருமே செய்யவில்லை. ஆளுக்கு ஒரு பாதியை வைத்துக்கொண்டு அதையே சீர்செய்துகொண்டிருந்தார்கள். பெரியண்ணன் ரிட்டையரான பிறகு மாடிப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு போட்டுக்கொண்டு, பேனா அளவு ஸ்ப்ரே கன்னை வைத்து, ஒரு தூசி கண்ணில் பட்டால் தேய்ப்பார், இன்னொரு கோட்டு அடிப்பார். அவர் நகக்கண்ணை விட்டு நீலம் போனதே இல்லை. சின்னண்ணன் லேத்தில் பித்தளை அச்சு கடைந்தான். அது போதவில்லை என்று சக்கரம் கடைந்தான். டயர் அகலம் பத்தாது என்று அதையும் மாற்றினான். ஒருநாள் சேர்க்கத்தான் போகிறார்கள், இல்லாவிட்டால் எதற்கு இந்தப் பாடு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சின்னண்ணனை மகள் வெளிநாட்டுக்கு அழைத்தாள். ஒரேயடியாக, மனைவியோடு. இனித் திரும்பி வரப்போவதில்லை. இவன் விமானம் ஏறுவதற்குள் இந்த இரண்டு பேரையும் ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. காரைச் சேர்த்து வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும், என் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வரவழைத்தேன். ஆளுக்கு ஒரு பெட்டியோடு வந்தார்கள். என் துணி வெட்டுகிற மேசையில், வெள்ளைத் துணி மேல் வைத்தார்கள். இரண்டு பாதியும் கண்ணைப் பறித்தன. அப்பா பார்க்கவில்லையே என்று இருந்தது.

சின்னண்ணன் அடிச்சட்டத்தைத் தூக்கி உடம்புக்குள் வைத்தான். முன்பக்கம் போனது. பின்பக்கம் போகவில்லை.

வெர்னியர் வெளியே வந்தது. முக்கால் மில்லிமீட்டர் இடிக்கிறது. இவர் அடித்த கோட்டெல்லாம் சேர்ந்து சக்கர வளைவின் உள்பக்கம் தடித்துவிட்டது, அவன் கடைந்த சக்கரம் வெளியே தள்ளிவிட்டது. பதினோரு வருஷம் ஒன்றை ஒன்று வைத்துப் பார்க்காமலே இரண்டு பாதியும் மெருகேறிக்கொண்டே போயிருக்கின்றன.

"வளைவுல பெயின்ட் தடிச்சிருக்கு. உள்பக்கந்தானே, உப்புத்தாள வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும்னு சொல்லு" என்றான் சின்னண்ணன், என்னைப் பார்த்து.

"என் பெயின்ட்ல உப்புத்தாள் படாது. அச்சு நீளம். அச்சைக் கொறைக்கச் சொல்லு" என்றார் பெரியண்ணன், அவரும் என்னைப் பார்த்து.

"நிஜ வண்டியோட அளவை இருபத்து நாலால வகுத்து வச்சிருக்கேன். அச்சு சரியாத்தான் இருக்கு."

"ஏன், நிஜ வண்டியில பெயின்ட்டே அடிக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்த்தால் சின்னண்ணன் உதட்டிலும் ஒரு சிரிப்பு. பெரியண்ணன் மீசைக்குள் அதை மறைத்துக்கொண்டிருந்தார். தையலில் நாங்கள் ஓரத்தில் துணி விட்டுத்தான் வெட்டுவோம், உடம்பு நேற்று மாதிரியே நாளைக்கும் இருக்காது. பிடித்தால் பிரித்து விடுவோம், தொளதொள என்றிருந்தால் பிடித்துத் தைப்போம். இதில் மானம் எங்கே போகிறது? பத்து நிமிஷ வேலை. இதோ முடிந்தது என்று நினைத்தேன்.

பெரியண்ணன் சிரிப்பை விழுங்கிவிட்டு, "உதவிக்கு வந்தவன் உதவியா இருந்துட்டுப் போகணும்" என்றார்.

அவ்வளவுதான். சின்னண்ணன் தன் பாதியை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினான். நான் ஆக்கி வைத்ததை இரண்டு பேரும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். என்னைச் சமாதானப்படுத்த ஏதோ சொன்னார், நான் அவரிடம் எரிந்து விழுந்தேன்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சின்னண்ணன் கடைக்கு வந்தான். மெஷின் பக்கத்தில் பெட்டியை வைத்தான்.

"இதை அவர்கிட்ட குடுத்துரு."

"நீயே போய்க் குடுண்ணே. ஒரு எட்டு போயிட்டு வா. உன் கால்ல விழறேன்."

"நான் போனா அவர் எதாவது சொல்லுவாரு. அந்தப் பேச்சைச் சுமந்துக்கிட்டு என்னால பிளைட் ஏற முடியாது" என்றான். என் தலையில் கை வைத்தான், போய்விட்டான்.

உடனே பெரியண்ணனுக்குப் போன் போட்டேன். தன் பாதியை உங்களுக்குன்னு குடுத்துட்டான், சாயங்காலம் வரைக்கும் ஊர்லதான் இருப்பான், ஒரு தடவை போய்ப் பாருங்க என்று கெஞ்சினேன். "நான் எதையும் கேட்கலையே" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வந்தார். விமானம் போய்விட்டது என்று நிச்சயமான பிறகு வந்தார். உடம்பைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்து, அடிச்சட்டத்தை எடுத்து, உள்ளே வைத்து லேசாக அழுத்தினார். டப் என்று உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தார். அச்சின் இரண்டு முனையிலும் பித்தளை புதிதாக மின்னியது. நிஜ வண்டியை இருபத்து நாலால் வகுத்து வைத்தவன், அந்தக் கணக்கைத் தன் கையாலேயே அராவித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான்.

அழப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காரை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கொஞ்சம் அதிகமா அராவிட்டான். பாரு, சக்கரம் உள்ள வாங்கியிருக்கு" என்றார்.

"நீங்கெல்லாம் ஒரு மனுசனாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் அவரை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. சின்னண்ணன்தான். போய்ச் சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"உள்ள போச்சா?"

நான் ஸ்பீக்கரில் போட்டேன். "பெரியண்ணன் இங்கதான் இருக்காரு. அவரே சொல்லுவாரு."

"அண்ணே?" என்றான் அந்தப் பக்கம்.

பெரியண்ணன் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வந்தால் போதும். திட்டினாலும் போதும். போனை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். காரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, செருப்பைக் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டு, கடைப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"போயிட்டாரு" என்றேன்.

"காரு?"

"சேந்துருச்சு. கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு."

"எடுத்துட்டுப் போனாருல்ல? அது போதும்."

அவனுக்குப் போதுமாம். எனக்குப் போதவில்லை.