குந்தினால் நான் இல்லை

நான் குந்தித்தான் வேலை செய்வேன். ஒரகடத்தில் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை. ஏழு வருஷமாக எனக்கு ஒதுக்கியிருப்பது மெஷின்களின் அடிவிளிம்பு. எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து அங்கே கருப்பாக இறுகிப்போயிருக்கும். மாப்பு போட்டால் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பக்கத்தில் குந்தி, பெயின்டர்கள் பட்டி பூசும் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது நான், மாப்பு போட இரண்டு பெண்கள், மூன்று பேர் போவோம்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். முகத்தைப் பார்த்துப் பேசுவது இந்த வயதிலும் வரவில்லை. தரையோடு தரையாக இருக்கும் வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வருஷம் கூரையில் கேமரா மாட்டினார்கள். திருட்டுக்கு இல்லை, ஆள் எண்ணுவதற்கு. கட்டட நிர்வாகம் பார்க்கும் அதிகாரி எங்களை வரிசையாக நிற்கவைத்து விளக்கினார். உள்ளே எத்தனை பேர் என்று கேமராவே கண்டுபிடிக்குமாம். ஆள் இல்லாத பகுதியில் லைட்டும் ஃபேனும் தானாக அணையுமாம். தீப்பிடித்தால் இன்னும் எத்தனை பேர் வெளியே வரவில்லை என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். வாசலில் ஒரு டிவியை வைத்து, அதில் பெரிய எண் ஒன்றை ஓடவிட்டார்கள்.

முதல் ஞாயிறு கடைசி வரிசையில் நான் சுரண்டிக்கொண்டிருந்தபோது லைட் அணைந்தது. ஃபேனும் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எழுந்தேன். எல்லாம் திரும்ப வந்தது. குந்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. மத்தியானத்துக்குள் எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. வியர்வையில் தகடு கையில் நிற்கவில்லை.

மறுநாள் எங்கள் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நேற்று முக்கால்வாசி நேரம் உள்ளே இரண்டு பேர்தான் காட்டுகிறது, நீ எங்கே போனாய் என்று கேட்டார். உள்ளேதான் இருந்தேன் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

மாப்பு போடும் இரண்டு பேரில் மூத்த அக்காவுக்கு இது பெரிய சிரிப்பாகிவிட்டது. "இன்னாண்ணா, நீ உள்ள இல்லவே இல்லியாமே. அப்ப இத்தினி நாளா எங்கூட பேசாம இருந்தது யாரு?" என்றது.

நான்கு ஞாயிறு இதே கதை நடந்தது. அப்புறம் சூப்பர்வைசர் வந்து, கம்பெனியில் ஒரு ஆளைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றார். இரண்டு பேரே வேலையை முடிப்பதாகக் கேமரா காட்டும்போது மூன்றாவது ஆள் எதற்கு என்று கேட்கிறார்களாம். மூன்றாவது ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. ஐம்பதைத் தாண்டியவனை இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனி கேட்டில் சேர்ப்பார்கள்?

அன்று நானாக அந்த அதிகாரியின் அறைக்குப் போனேன். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அக்காவும் கூடவே வந்தது. நான் கதவோரம் நிற்க, அக்காதான் விஷயத்தைச் சொன்னது. அதிகாரி தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நடந்து போகிறவர்களைச் சுற்றிப் பச்சைக் கட்டம் கூடவே போனது. கட்டம் இருந்தால் ஆள். அந்த அறைக்கு வெளியே, நடைபாதையிலும் ஒரு கேமரா இருந்தது. அதன் கீழே என்னைப் போய் நிற்கச் சொன்னார். அப்புறம் குந்தச் சொன்னார். கட்டம் இரண்டு தடவை துடித்துவிட்டு மறைந்துபோனதாம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

கண்ணால் பார்த்துவிட்டார், இனி சரிசெய்வார் என்று நம்பினேன்.

"அப்போ உக்காராதப்பா. நின்னுக்கினு செய்," என்றார்.

எங்கிருந்து வந்ததோ, வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். "தீப்புடிச்சா சார்?"

"தீப்புடிச்சா எழுந்து ஓடுவ இல்ல? அப்போ காட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அடுத்த வாரம் நீளக் கம்பு வைத்த ஒரு சுரண்டி கொடுத்தார்கள். நின்றபடி தள்ளினால் அழுக்கின் மேல்தோல் மட்டும் வரும். விளிம்புக்கு அடியில் அது போகவே போகாது. டிவியில் மூன்று என்று வந்தது. ஆளைக் குறைக்கும் பேச்சு நின்றது. நானும் வஞ்சனை இல்லாமல் நின்றுகொண்டே தள்ளினேன். அடியில் அழுக்கு ஏறிக்கொண்டே போனது. எங்கே எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, இந்தப் பாகங்களை வாங்கும் கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். அதற்கு முந்தின ஞாயிறு அதிகாரியே டார்ச் அடித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். கூடவே சூப்பர்வைசர். விளிம்பில் வெளிச்சம் பட்டதும் இரண்டு பேருக்கும் முகம் மாறியது. முன்னாடி எல்லாம் எப்படிச் சுத்தமாக இருந்தது, அது மாதிரி உட்கார்ந்து சுரண்டு என்றார் அதிகாரி.

நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நேராக நின்றதில்லை.

"குந்தினா நான் இல்லன்னு காட்டுமே சார்," என்றேன்.

பக்கத்து வரிசையில் மாப்பு நின்றது. அக்கா சிரிக்கவில்லை. காதைக் கொடுத்திருந்தது.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அதிகாரி. நான் அசையவில்லை. கம்பையும் கீழே வைக்கவில்லை. கடைசியில் அவர் சூப்பர்வைசரைப் பார்த்து, ஒரு நோட்டு எடுத்து வந்து இவன் உள்ளே இருப்பதைக் கையால் எழுதுங்கள், முடியும்வரை இங்கேயே நில்லுங்கள் என்றார்.

சூப்பர்வைசர் நோட்டோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவர் நின்றதால் அன்றைக்கு லைட்டும் அணையவில்லை, ஃபேனும் நிற்கவில்லை. பழைய தகட்டை எடுத்துக்கொண்டு குந்தினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கால் மாற்றி மாற்றி நின்றார். "அண்ணாச்சி, சீக்கிரம் முடிங்க. கால் வலிக்கி," என்றார்.

தகட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். அந்த வரிசையில் இன்னும் ஏழு மெஷின் பாக்கி இருந்தது. எதையும் அவசரப்பட்டுச் சுரண்டவில்லை.