நாற்பத்தொன்பதாம் நாளில் உடனிருந்தவர்

பள்ளி அலுவலகத்தில் மாணவர் வருகைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். லலிதா அக்காவின் மகன் குமரன் அழைத்தான். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நின்ற வரியை முடித்தேன். அதன் பிறகுதான் அவன் சொன்னது என்னவென்று உறைத்தது.

மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர், மார்சிலிங் வட்டாரத்தில் தன் அடுக்குமாடிப் புளோக்கில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர், தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுப்பவர் என்றுதான் உங்களில் பலர் அவரை அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் அறிமுகமானது வேறோர் இடத்தில். குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் அறை அது. அங்கே தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவர்தான்.

முதல் நாள் நான் வாதாடத்தான் போயிருந்தேன். கணவரின் நச்சரிப்புத் தாங்காமல் வந்தவள் அல்லவா! "வருஷா வருஷம் பால்குடத்துக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம் இருக்கேன். ஒரு சொட்டு தொடறதில்ல. அடிக்ட்டா இருந்தா முடியுமா?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார்.

"நானும் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். முருகனையே சாட்சிக்கு இழுத்தவ நான். சரி, நாப்பத்தொம்பதாவது நாள் என்ன செஞ்ச?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வருடம் தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில், காப்பிகூடக் குடிக்காமல் போத்தலைத் திறந்தவள் நான். விரதம் முழுக்க அந்த ஒரு காலைக்காகத்தான் நாள் எண்ணியிருந்தேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு மறுநாள் அக்கா வேலைக்கு விடுப்பு எடுத்தார். காலையிலேயே என்னைத் தேக்கா சந்தைக்கு இழுத்துப்போய் இரண்டு கிலோ நெத்திலி வாங்கினார். ரெண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "திங்கறதுக்கா வாங்கினேன்? கிள்ளறதுக்கு வாங்கினேன்லா" என்றார். அவர் வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, பொழுது சாயும்வரை ஒவ்வொரு மீனாகத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். எனக்கு நாக்கு வறண்டது. அழுதேன். அவரைத் திட்டினேன். "திட்டு, நல்லா திட்டு. ஆனா கிள்ளிக்கிட்டே திட்டு" என்றார். அன்று நான் குடிக்கவில்லை. பிறகு ஆண்டுதோறும் அந்த நாளில் அவர் சமையலறையில் மீனும் கூடியது, எங்கள் கூட்டத்துக்கு வரும் ஆட்களும் கூடினார்கள்.

ஆனாலும் இரண்டாம் ஆண்டில் சறுக்கினேன். குடித்துக்கொண்டே தினமும் மாலையில் அவருக்கு "இன்னிக்கு நல்லா இருக்கேன் அக்கா" என்று செய்தி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, நான் வேலை முடிந்து வரும் நேரத்தில் பள்ளி வாசலில் வந்து நின்றார். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம்.

"உனக்கு நான் உதவி செய்யலாம் மல்லிகா. ஆனா தினம் எனக்கு மெசேஜ் போடறாளே ஒருத்தி, அவளுக்கு நான் என்ன செய்யறது? அவதான் குடிக்கறதே இல்லியே."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எட்டு வயதுக் குமரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்து, வீட்டில் போதையில் கிடந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். "மழையில நின்னு, நடந்தே வந்திருக்கான்டி. அம்மாவுக்குக் காய்ச்சலான்னு கேட்டு எனக்குப் போர்த்திவிட்டான்." தன்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டு அடுத்தவருக்குப் புத்தி சொல்ல அவருக்குத் தெரியாது. அதனால்தான் என் பொய்யை அவரிடம் ஒப்புக்கொள்ள முடிந்தது.

கடைசியில் கல்லீரல்தான் அவரைக் கொண்டுபோனது. குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பழைய கேடு அவரை விடவில்லை. மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "இது என்னக்கா நியாயம்?" என்று அழுதேன். "குடிய விடாம இருந்திருந்தா இந்த ஒம்பது வருஷமே இருந்திருக்காது. குமரன் என்னை நம்பி அவன் வீட்டுச் சாவியைக் குடுத்ததே இந்த ஒம்பது வருஷத்துலதான்லா" என்றார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் அவருடைய பக்தியையும் கைமணத்தையும் பேசினார்கள். ஒரு பெண்மணி என்னிடம், "நீங்க எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார். "கோயில்ல" என்று சொல்லிவிட்டேன். குமரன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். மண்டாய் தகனச்சாலையில் எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் வந்தான்.

"எல்லாரும் பால்குடத்தப் பேசறாங்க ஆன்ட்டி. அம்மா செஞ்ச பெரிய காரியம் அதுவா? அம்மாவே சொன்னாங்க, 'நான் போனப்புறம் மறைக்காதீங்க, யாருக்காச்சும் உதவும்'னு. நீங்க எழுதுங்க."

எழுதுகிறேன். லலிதா அக்கா குடிநோயாளி. ஒன்பது ஆண்டுகள், ஒரு நாள் விடாமல், குடிக்காமல் இருந்தார். தன்னைப் போன்றவர்களைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பாற்றினார். அவர்களில் நானும் ஒருத்தி.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும் பழக்கம். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். மண்டாயிலிருந்து திரும்பிய அன்று மாலை கடைக்குப் போனேன். போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். பழக்க தோஷத்தில் அக்காவின் எண்ணை அழுத்தினேன். குமரன் எடுத்தான். "சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். எங்கே நிற்கிறேன், கையில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். நான் அதைத் திரும்ப வைத்துவிட்டுத் தெருவுக்கு வரும்வரை அவன் போனை வைக்கவில்லை.