கேழ்வரகு அட்டியும் பச்சையம்மாவின் முறமும்

1. கேட்டருகே நின்றவர்

“சாமி, இந்த வாரமாச்சும் வெள்ளன அனுப்பிடுவீங்களா?”

அரூர் தானியக் கிடங்கின் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டவர் பெயர் சடையன். சித்தேரி மலையிலிருந்து ஊர்க்காரர்களுக்காக இறங்கி வந்தவர். அது யுத்த காலம். தானியமெல்லாம் சர்க்கார் கண்ட்ரோல். கிடங்கிலிருந்து மூட்டை போனால்தான் ஊர்களில் அடுப்பெரியும். நான் அந்தக் கிடங்கில் கிளார்க்காகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை தோறும் நாலு மாட்டு வண்டிகள் மலையடிவாரத்துக்குக் கேழ்வரகு கொண்டுபோகும். ஐப்பசி மாதம், மதியத்துக்கு மேல் மழை பிடித்துவிடும். வழியில் ஒரு காட்டோடை. தண்ணீர் வருமுன் அதைத் தாண்ட வேண்டுமானால் வண்டிகள் காலை ஒன்பது மணிக்குள் கேட்டை விட வேண்டும். போன வாரம் பன்னிரண்டு மணிக்குத்தான் விட்டன. ஓடை கரைபுரண்டு ஓட, வண்டிகள் இரண்டு நாள் இக்கரையிலேயே மழையில் நின்றன.

“நனைஞ்ச கேவுரு பூரா மொளச்சிப் போச்சுங்க. புள்ளைங்க காட்டுக் கெழங்கத் தின்னுட்டுக் கெடக்குதுங்க. நாளைக்கும் ஓடையில மாட்டிக்கிச்சின்னா…”

“அனுப்பிடலாம், கவலைப்படாதீங்க” என்றேன். எப்படி அனுப்பப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

2. நான் போட்ட அடுக்கு

தப்பு யாருடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடையதுதான்.

நான் வேலைக்கு வந்த அன்று கிடங்கு சந்தைக்கடை மாதிரி கிடந்தது. வந்த மூட்டை வந்த இடத்தில். சூப்பரிண்டண்ட் வரதராஜன் கண்டிப்பான மனிதர். “ஏய்யா, படிச்சவன்தானே? இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டா” என்றார். எனக்கு அப்போது என் மூளையைப் பற்றி ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம். லெட்ஜரைக் கையில் எடுத்தேன். முதல் பக்கம் அரிசி, அடுத்து கோதுமை, சர்க்கரை, சோளம், கடைசிப் பக்கம் கேழ்வரகு. அதே வரிசையில் வாசலிலிருந்து உள்ளே அட்டி போட்டேன். அட்டி என்றால் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டும் அடுக்கு. லெட்ஜரைப் புரட்டிக்கொண்டே நடந்தால் பக்கத்துக்கொரு அட்டி வரும். சோதனைக்கு வந்த அதிகாரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உட்கார்ந்து எழுதுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. மூட்டை சுமக்கிறவன் கனவில்கூட அப்படி அடுக்க மாட்டான். கேழ்வரகு கடைசி மூலையில். அங்கே போக ஒரு ஆள் நுழையும் சந்து மட்டும். ஒருவன் மூட்டையோடு வெளியே வரும்வரை உள்ளே போகிறவன் நிற்க வேண்டும். எதிர்ப்பட்டால் பின்னால் நடக்க வேண்டும். முதுகில் ஏற்ற இடமில்லாத இடத்தில் கொக்கி போட்டு இழுத்து வருவார்கள். மேஸ்திரி முனியப்பன் ஒருமுறை என்னிடம் சொல்லிப் பார்த்தார்: “ஏனுங்க, இந்தச் சந்துல எங்க முதுகு தேயுதுங்க.” லெட்ஜர் வரிசை கெட்டுவிடும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3. முறம்

சடையனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தால் பச்சையம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வாய் கொஞ்சம் நீளம். அவளுக்குச் சம்பளம் கிடையாது. தரையில் சிந்தியதைக் கூட்டிப் புடைத்து எடுத்துக்கொண்டு போகலாம், அதுதான் கூலி. எத்தனை ஆள் வைத்தால் ஒன்பதுக்குள் முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அவள் முறம் அன்றுதான் கண்ணில் பட்டது. முறம் நிறையக் கேழ்வரகு. அரிசி பேருக்கு நாலு மணி.

“என்ன பச்சையம்மா, அரிசியே காணோம்?”

“அரிசி எங்கீங்க சிந்துது? அது மாப்பிள்ளையாட்டம் வாசல்ல குந்திக்கினு கெடக்குது. நடக்கறது பூரா கேவுருதானுங்க.”

“கேழ்வரகு பொடிமணி. கோணி ஓட்டையில் ஒழுகும். அதனால்தான்” என்றேன், படித்தவன் பாணியில்.

“நின்ன எடத்துலயேவாங்க ஒழுகும்? இழுத்துக்கினு நடந்தாத்தானே ஒழுகும்! அந்த மூலையிலருந்து வாசல் முட்டும் கோடு போட்டாப்பல சிந்திக் கெடக்குது, பாருங்க.”

பார்த்தேன். செம்மண் நிறத்தில் ஒரு கோடு, மூலையிலிருந்து சந்து வழியாகத் திரும்பித் திரும்பி வாசல்வரை. மூன்று மாதமாக அந்தக் கோட்டின்மேல்தான் நடந்துகொண்டிருந்தேன். ஓடிப்போய், தானியம் கேட்டு ஊர்களிலிருந்து வந்த இண்டெண்ட் சீட்டுகளைப் புரட்டினேன். டவுன் கடைகளைத் தவிர அரிசி கேட்டவர்களே இல்லை. எல்லாச் சீட்டிலும் கேழ்வரகு, கேழ்வரகு.

சூப்பரிண்டண்டிடம் போய் நின்றேன். கேழ்வரகை வாசலுக்குக் கொண்டுவந்து, அரிசியை மூலைக்குத் தள்ள வேண்டும் என்றேன்.

“சோதனைக்கு வர்றவன் லெட்ஜரோட ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? நீதானேய்யா இந்த வரிசையைப் போட்டே?”

“தப்பாப் போட்டுட்டேன் சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சரி. மாத்திக்கோ. நாளைக்கு ஒன்பது மணிக்கு மலை வண்டி கேட்டைத் தாண்டலைன்னா, நீயும் அதுலயே ஏறிப் போயிடு. இங்க வேலை கிடையாது.”

அன்று பகல் முழுதும் மாற்றினோம். நானும் மூட்டை சுமந்தேன். கேழ்வரகு அட்டியைத் தராசுக்குப் பக்கத்தில், வாசலிலிருந்து எட்டுக் காலடி தூரத்தில் போட்டோம். போக ஒரு வழி, வர ஒரு வழி. முனியப்பன் சிரித்துக்கொண்டே, “இத மூணு மாசம் முன்னாடி பண்ணியிருக்கலாமுங்களே!” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

4. ஒன்பது மணி

வியாழக்கிழமை விடியும்போதே கிழக்கே கறுத்திருந்தது. இரவெல்லாம் கேட்டருகே படுத்திருந்த சடையன் எழுந்து நின்று வானத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். ஏழு மணிக்குக் கேழ்வரகு தராசேறியது. எட்டுக்குள் இரண்டு வண்டி. மூன்றாவது வண்டி பாதி ஏறியிருக்கும்போது தராசின் சங்கிலி கொக்கியை விட்டு நழுவி மூட்டை தரையில் விழுந்து வெடித்தது. “அத வுடுங்கடா! அடுத்தத ஏத்து!” என்று முனியப்பன் சத்தம் போட்டார். பழைய மூலையாக இருந்தால் அடுத்த மூட்டைக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். இப்போது கை நீட்டும் தூரம். விழுந்ததை நானே அள்ளி வேறு கோணியில் கட்டி ஏற்றினேன்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நாலாவது வண்டி கேட்டைத் தாண்டியது. சடையன் கடைசி வண்டியின் பின்னாலேயே நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி ஒரு கையைத் தூக்கினார். மழை மூன்று மணிக்குத்தான் பிடித்தது. அதற்குள் ஓடையைத் தாண்டிவிட்டார்கள் என்று திரும்பி வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்று காலை வண்டிகள் போன கொஞ்ச நேரத்தில் பச்சையம்மா வந்தாள். பெருக்கினாள். கோடு இல்லை. நடை குறைந்துவிட்டது, இழுப்பதும் இல்லை. வெடித்த மூட்டையையும் மணி விடாமல் நான்தான் அள்ளிவிட்டேனே. அவள் முறத்தை என் மேஜைமேல் வைத்தாள். அடியில் ஒரு பிடி இருந்தது.

“இதுல எத்தினி பேருக்குங்க களி கிண்டறது? நாலு புள்ளைங்க வூட்டுல குந்தியிருக்குது. என் வாயாலயே நான் கெடுத்துக்கினேன்.”



நேரே சூப்பரிண்டண்டிடம் போனேன். வண்டி போனதில் அவருக்கு நல்ல மனநிலை. பச்சையம்மாவுக்கு ஏதாவது கூலி போடலாமா என்றேன். வருத்தத்தோடுதான் சொன்னார்: “ரெகார்டுல கூட்டறதுக்கு ஆளே கிடையாதுய்யா. இல்லாத ஆளுக்கு எப்படிக் கூலி போடுவேன்?” முனியப்பனும் நானும் எங்கள் ரேஷனில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு தடவை வாங்கிக்கொண்டாள். மறு தடவை, “தெனமும் குடுப்பீங்களா?” என்று கேட்டாள். எனக்கு ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அவள் வரவில்லை. துடைப்பம் மட்டும் கேட் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தது. காரிமங்கலம் பக்கம் கூலிக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் எத்தனையோ கிடங்குகளுக்கு அடுக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அதிகம் போகிற சரக்கை வாசலருகே வையுங்கள். எது அதிகம் போகிறது என்று லெட்ஜரைக் கேட்காதீர்கள், தரையைக் கூட்டுகிறவரைக் கேளுங்கள். சரியாகச் சொல்வார். சொன்னதும் எழுந்து ஓடிவிடாமல், “இதை மாத்திட்டா உங்களுக்கு என்னங்க ஆகும்?” என்று இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்.

நான் முதல் கேள்வியோடு ஓடிவிட்டேன்.