செவ்வாய்க்கிழமை ஊஞ்சல்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூவர்ணக் கொடி ஏறிய பிறகு, நகராட்சிக்குத் திடீரென்று ஊர்மேல் பாசம் பொங்கியது. நகராட்சியை நாங்கள் அப்போதும் மேரி என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெயர். கொடியை ஒரே நாளில் மாற்றிவிடலாம், வாயை மாற்ற முடியுமா? அந்த மேரிக்காரர்கள், எங்கள் தெருக்களுக்குப் பின்னால் கழுதைகள் மட்டும் உலாவிக்கொண்டிருந்த ஒரு பொட்டலைப் பிடித்து, மேடு பள்ளம் நிரவி, வேலி போட்டு, பூங்கா என்று பலகை மாட்டினார்கள். சிமெண்டு பெஞ்சுகள், ஒரு சறுக்குமரம், இரும்புச் சங்கிலியில் தொங்கும் இரண்டு ஊஞ்சல்கள், கம்பிக் கூண்டுக்குள் ஒரு ரேடியோப் பெட்டி. திறப்புவிழா முடிந்த முதல் வாரம் எங்களைப் போன்ற பொடியன்களுக்கு ஊஞ்சல் கிட்டவே இல்லை. கோட்டுப் போட்ட குமாஸ்தாக்களும் தொந்தி விழுந்த கடைக்காரர்களும் முறை வைத்துக்கொண்டு ஆடித் தீர்த்தார்கள்.

ஊஞ்சலைப் பின்பக்கச் சுவர் ஓரமாக நட்டிருந்தார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் எங்கள் பள்ளிவாசலின் மையவாடி. இறந்துபோன எங்கள் ஆட்களை அடக்கும் இடம். குழந்தைகள் கூச்சல் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இப்படியா என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். உள்ளே இருப்பவர்கள் யாரும் இதுவரை புகார் சொல்லவில்லையே என்று மேரியில் ஒருவர் கேட்டாராம். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

எங்கள் வீட்டுப் பெண்கள் நினைத்தவுடன் வெளியே போகிறவர்கள் இல்லை. போனாலும் வெள்ளைத் துப்பட்டியால் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான். அவர்களுக்கு எங்கே பூங்கா? ஆனால் உம்மாவின் அண்ணன், என் மாமா, சும்மா இருக்கிறவர் இல்லை. ஜவுளிக்கடை வைத்திருந்தார், மேரியில் அவருக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள். அவர் பேசிப் பேசி, செவ்வாய்க்கிழமை மாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார். தெருப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டி மறைத்தார்கள். காவல்காரர் வெளியே, பூங்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்றும் ஏற்பாடு. அவர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்ததால் முதுகு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

மாமா இத்தனை பாடுபட்டது ஊர்ப் பெண்களுக்காக இல்லை. என் சாச்சிக்காக. சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. எங்கள் பக்கம் கல்யாணமானாலும் பெண்கள் தாய் வீட்டிலேயே இருப்பார்கள். அதனால் உம்மாவும் சாச்சியும் ஒரே வீட்டில். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, சாச்சியை மடியில் போட்டு வளர்த்தவர் மாமாதான். அவள் முகம் கொஞ்சம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் சாச்சியின் முகம் வாடித்தான் கிடந்தது. அவளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவள் புருஷன், சாச்சா, சைகோனுக்கு வியாபாரத்துக்குப் போய்விட்டார். பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைத்தோம், முடி இறக்கினோம், பிறகு ஒரு காய்ச்சலில் அது போய்விட்டது. மய்யித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டிக்குக்கூட வேலையில்லை. மாமா இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். ஏழு வயது ஆண்பிள்ளை என்ற தகுதியில் நானும் பின்னால் போனேன். எங்கள் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை; அது வழக்கம். சாச்சி வாசல் கதவு வரை வந்தாள். அதற்கு மேல் அவளை விடவில்லை. தன் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. மாமா கபுரின் தலைமாட்டில் ஒரு மருதாணிக் கொம்பை நட்டு வைத்தது எனக்குத் தெரியும், அவளுக்குச் சொல்லக் கேள்விதான்.

முதல் செவ்வாய்க்கிழமை உம்மா அவளைக் கெஞ்சித்தான் கூட்டிப் போனாள். சாச்சி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊஞ்சலில் நின்றபடி உந்தி உந்தி ஆடினேன். உயரே போனபோது சுவருக்கு மேலாக மையவாடி முழுவதும் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிற வயதா அது?

"சாச்சி, நம்ம பாப்பா செடி தெரியுது. துளுத்திருக்கு."

சாச்சி எழுந்து வந்தாள். சங்கிலியைப் பிடித்து ஊஞ்சலை நிறுத்தினாள். என்னை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். "தள்ளுங்க வாப்பா" என்று மட்டும் சொன்னாள். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளையும் பிரியமாக வாப்பா என்பார்கள். நான் தள்ளினேன். இன்னும், இன்னும் என்றாள். அவள் தலை சுவருக்கு மேலே எழும்பி எழும்பி இறங்கியது. எந்த இடம் என்று கேட்டாள். மூலையில் புங்கமரத்துக்கு இந்தப் பக்கம் என்றேன். பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவள் இறங்கவில்லை.

அதிலிருந்து சாச்சி செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். அன்றைக்குக் காலையிலேயே தலைவாரிக்கொள்வாள். மத்தியானம் உம்மா வைத்த சோற்றை மீதி வைக்காமல் சாப்பிடுவாள். அவளுக்கு ஊஞ்சல் பிடித்துவிட்டது என்றே நான் நினைத்தேன். மாமாவும் அப்படியே நினைத்தார். அறிந்தவர் தெரிந்தவரிடமெல்லாம், எந்த வைத்தியனும் செய்யாததை இந்த மேரி செய்துவிட்டது, என் தங்கச்சி சிரிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவள் அந்த ஊஞ்சல் பக்கம் வேறு யாரையும் வரவிடமாட்டாள்.

வினை மையவாடியில் குழி வெட்டுகிறவர் வடிவத்தில் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மசங்கலில் அவர் மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்திருக்கிறார். சுவருக்கு மேலே வெள்ளையாக ஒன்று எழும்பி, அவரைப் பார்த்துவிட்டு, மறைந்திருக்கிறது. மறுபடி எழும்பியிருக்கிறது. இருபது வருடமாகப் பிணங்களோடு பழகிய மனிதர், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். மறுநாள் ஊர் முழுக்க ஜின் பேச்சு. எங்களுக்கெல்லாம் கழுத்தில் தாயத்து ஏறியது. சாச்சி கழுத்திலும் உம்மா ஒன்று கட்டிவிட்டாள். அந்த ஜின் தான்தான் என்று தெரியாமல் சாச்சியும் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் நாலு இளவட்டங்கள் தைரியமாக மையவாடிக்குள் போய் ஒளிந்து நின்று பார்த்து, அது ஜின் இல்லை, பெண்பிள்ளை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஜின்னாகவே இருந்திருந்தால் ஊர் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுச் சும்மா இருந்திருக்கும். எந்த வீட்டுப் பெண், புருஷன் எங்கே, இவ்வளவு உயரம் எதற்கு என்று பேச்சு வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை ஏற்பாட்டையே நிறுத்திவிட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள்.

மாமா பதறிப்போனார். தங்கச்சியின் சிரிப்பைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பதற்றம். கடையைப் போட்டது போட்டபடி மேரிக்கு நடந்தார். யார் யாரையோ பார்த்தார், வாதாடினார், கெஞ்சினார். ஒரு மாதத்துக்குள் வேலை ஆரம்பித்து முடிந்தும் விட்டது. மேரி எந்தக் காரியத்தையும் அவ்வளவு வேகமாகச் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

முடியும்வரை வீட்டில் மூச்சு விடாமல் இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார் மாமா. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"மையவாடிச் செவுத்த ஒசத்திப்புட்டாங்க. ஆள் ஒசரத்துக்கு மேல ஆள் ஒசரம். இனிமே ஒரு பய பாக்க முடியாது. நீ ஒம் மனசு போல ஆடிக்க தங்கச்சி."

சாச்சி அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். கோப்பை சாய்ந்து கொஞ்சம் கையில் கொட்டியது. உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாச்சி மற்றொரு கையால் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"சரி நானா" என்றாள்.

அவள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவாள். மாமா தன் கையாலேயே அவளுக்கு ஒரு துண்டு அல்வா ஊட்டிவிட்டுப் போனார். அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் சுவரில் தலையை மோதிக்கொண்டிருப்பார். அது அவளுக்குத் தெரியும். கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாளும் அவள் பூங்காவுக்கு வந்தாள். அதற்கடுத்த செவ்வாய்களிலும் வந்தாள். வராவிட்டால் மாமா காரணம் கேட்பாரே. நான் பின்னாலிருந்து தள்ளுவேன். எதிரே புதுச் செங்கலும் சுண்ணாம்பும்தான். நாலு தடவை போய் வந்ததும் போதும் என்பாள். நானோ மற்றப் பையன்களிடம், இது எங்க மாமா கட்டின சுவர் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டில் மரியாதை கூடியது. ஜும்மா முடிந்து மாமாவோடு மையவாடிக்குப் போய்விட்டு வந்தால், சாச்சி கதவுக்குப் பின்னால் நிற்பாள். செடி எவ்வளவு உயரம் என்பாள். வெயில் படுகிறதா, நிழல் இருக்கிறதா, ஆடு மாடு உள்ளே வருகிறதா என்பாள். அந்த ஐப்பசியில் பேய்மழை. அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, தவளை கத்துகிறது என்று நான் உற்சாகமாக வந்து சொன்னேன். அன்றைக்கு முழுவதும் அவள் ஈரத் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்துக் கிடந்தாள். உம்மா திட்டியும் எழுந்திருக்கவில்லை. பழையபடி சாப்பாடும் குறைந்துபோயிற்று.

மழை விட்ட சமயம் அடுத்த தெருவில் ஒரு மாமி மௌத்தாகிவிட்டார்கள். ஏழு பிள்ளைகளைப் பெற்று, ஏழையும் வளர்த்து ஆளாக்கியவர்கள். சாச்சிக்கு அவர்களோடு பெரிய பழக்கம் ஒன்றும் கிடையாது; கல்யாண வீடுகளில் பார்த்ததுதான். நான் ஆண்களோடு அடக்கத்துக்குப் போய், கைப்பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். சாச்சி வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மாமிய எங்க அடக்குனாங்க?"

"நம்ம பாப்பாகிட்டத்தான். ரொம்பப் பக்கத்துல."

"பாப்பாவுக்கு எந்தப் பக்கம்?"

"கெழக்கால."

எங்கள் வழக்கப்படி இறந்தவரை வலப்பக்கமாக ஒருக்களித்து, முகம் மேற்கே மக்காவைப் பார்க்கும்படி வைப்பார்கள். அது சாச்சிக்கும் தெரியும்.

"அப்ப மாமி பாப்பாவப் பாத்துப் படுத்திருக்காங்க."

"ஆமா."

"கை நீட்டுனா எட்டுமா?"

வாயால் சொன்னால் விளங்காது என்று, நான் தரையில் அப்படியே ஒருக்களித்துப் படுத்தேன். பாப்பா இருக்கிற இடம் இது என்று ஒரு செங்கல் பாவிய கட்டத்தைக் காட்டினேன். கையை நீட்டினேன். எட்டியது.

சாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பிள்ளை போன அன்றைக்குக்கூட அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. உம்மா ஓடி வந்து அணைத்துக்கொண்டாள். அழுது ஓய்ந்து முகம் கழுவிக்கொண்டு, பசிக்கிறது, சோறு போடு லாத்தா என்று உம்மாவிடம் கேட்டாள். எனக்கும் தன் தட்டிலிருந்தே ஒரு வாய் ஊட்டினாள். அவ்வளவாகப் பழக்கமில்லாத அந்த மாமிமேல் சாச்சிக்கு இத்தனை பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.